மறு: மறு: 'டிபேட் பவுன்ஸ்' – தமிழில் என்ன?

வி.க. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அரசியல் அறிவியல் இளங்கலை மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலை ஒப்படைக்க வேண்டும். அமெரிக்க அதிபர் தேர்தலில் தொலைக்காட்சி விவாதங்கள் கருத்துக்கணிப்புகளை எப்படி அசைக்கின்றன என்பது பொருள். பக்கத்துக்குப் பக்கம் 'டிபேட் பவுன்ஸ்' வருகிறது. விவாதம் முடிந்த சில நாள்களில் ஒரு வேட்பாளரின் ஆதரவு கணிப்புகளில் சட்டென்று உயரும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அந்த உயர்வுக்குத்தான் பெயர் வேண்டும்.

நூலின் முதன்மை எடுத்துக்காட்டு 2012. அக்டோபர் 3 அன்று டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் ஒபாமா சோர்ந்து தெரிந்தார். ராம்னி வெளுத்து வாங்கினார். செப்டம்பரில் பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் ஒபாமா 51, ராம்னி 43. விவாதத்துக்குப் பின் ராம்னி 49, ஒபாமா 45. நவம்பரில் வென்றவர் ஒபாமாதான்.

'விவாதத் துள்ளல்' என்று போட்டிருந்தேன். பதிப்பாசிரியர் "கன்றுக்குட்டியா?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். அட்டவணைத் தலைப்பில் அடங்குகிற சொல்லாக வேண்டும். உதவுங்கள்.

த.மு. எழுதியது:

துள்ளல் கூடாது என்பதில் நானும் பதிப்பாசிரியர் பக்கம். காரணம் வேறு. துள்ளல் கலிப்பாவின் ஓசை. யாப்பில் வரையறுத்து வைத்த கலைச்சொல்லைத் தூக்கி வேறு துறையில் போடுவது முறையன்று.

'எம்பு' என்ற வினையைப் பாருங்கள். எம்பிக் குதித்தான், எம்பிப் பறித்தான். எம்பினவன் கீழே வந்தே தீர வேண்டும். உயர்வும் மீள்வும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எழு, எகிறு, எக்கு, எவ்வு, ஏறு எல்லாம் மேல்நோக்கிய வினைகள். இவற்றுக்கு எகர ஏகாரங்களே முதலெழுத்தாக வருவதை நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். தனி மடலில் விரிக்கிறேன்.

'விவாதம்' வடசொல். 'சொற்போர்' இருக்கையில் அது எதற்கு? ஆக, 'சொற்போர் எம்பல்'.

சு. எழுதியது:

ஐயா, தனி மடல் கட்டாயம் வரும் என்று தெரியும். ஆனால் 'சொற்போர் எம்பல்' என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பு அன்றைக்கு அவ்வளவுதான். சிரிப்பை அடக்கவே மணி அடித்துவிடும்.

வடசொல் விஷயத்துக்கு வருகிறேன். "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்கிறது மணிமேகலை. வாதிகளைச் சாத்தனாரே மேடையேற்றிவிட்டார். நாம் வாதத்தை இறக்கிவிடுவானேன்?

கலிப்பாவுக்குத் துள்ளல் என்றால் வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். ராம்னிக்கு அக்டோபரில் துள்ளல், நவம்பரில் தூங்கல். யாப்புக்காரர்களே கோபிக்க வேண்டாம், சும்மா சொன்னேன். என் பரிந்துரை 'விவாத ஏற்றம்'. விலையேற்றம் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும்.

ந. எழுதியது:

புள்ளியியல்காரனாக நடுவே புகுகிறேன். எந்தச் சொல் என்பதற்கு முன், அங்கே உயர்ந்தது எது என்று பார்க்க வேண்டாமா?

அதே 2012-ஐ எடுங்கள். ஆண்ட்ரூ கெல்மன், டேவிட் ராத்ஸ்சைல்ட் முதலானோர் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுத் தளத்தில் நாள்தோறும் கேள்வி கேட்டு, வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்து சொன்ன பதில்களைப் பின்தொடர்ந்தார்கள். விவாதத்துக்குப் பின் ஒபாமா பக்கத்திலிருந்து ராம்னி பக்கம் தாவியவர்கள் மிகக் கொஞ்சம். நடந்தது என்னவென்றால், தம் ஆள் சொதப்பியதைப் பார்த்து நொந்துபோன ஒபாமா ஆதரவாளர்கள் அந்த வாரம் கணிப்புப் பக்கமே தலைவைக்கவில்லை. குஷியில் இருந்த ராம்னி ஆதரவாளர்கள் ஆர்வமாகப் பதில் சொன்னார்கள். பதில் சொன்னவர்களின் கட்சிச் சார்பையும் 2008-இல் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது அந்தப் பெரிய உயர்வின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. அணி தோற்ற மறுநாள் ரசிகர் டீக்கடைக்கு வராமல் இருப்பதில்லையா, அந்த மாதிரி. வரவில்லை என்பதால் அணி மாறிவிட்டார் என்று ஆகாது.

அதனால் 'விவாத ஏற்றம்' என்றால் விவாதம் மக்கள் மனத்தை ஏற்றிவிட்டதாக மாணவர் படிப்பார். ஏறியது கணிப்பு. 'கணிப்பேற்றம்' என்று வையுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் பைடன் தடுமாறினாரே, அதற்கு எந்தத் துள்ளலைச் சொல்வீர்கள்? கணிப்பிறக்கம் என்று சொல்லிவிடலாம். நாடு தழுவிய கணிப்புகளில் அவர் இழந்தது ஏறத்தாழ இரண்டு புள்ளிதான். கட்சிக்குள் எழுந்த அச்சம் அதைவிடப் பன்மடங்கு. ஜூலை 21-இல் போட்டியிலிருந்தே விலகினார்.

உடனடிக் கணிப்பு என்பது வேறு. அதையும் இதையும் உங்கள் நூல் குழப்பிவிடக் கூடாது. "விவாதத்தில் யார் வென்றார்?" என்று பார்த்தவர்களிடம் அன்றிரவே கேட்பது அது. 2016-இல் மூன்று விவாதங்களிலும் சிஎன்என் எடுத்த உடனடிக் கணிப்பில் ஹிலரி வென்றார். 2024 செப்டம்பர் 10 விவாதத்துக்குப் பின் கமலா ஹாரிஸ் 63, டிரம்ப் 37. இரண்டு தேர்தலும் யாருக்குப் போயின என்பது தெரிந்ததே. நன்றாகப் பேசினார் என்பதும் அவருக்கு வாக்களிப்பேன் என்பதும் வேறு வேறு கேள்வி.

சு. எழுதியது:

நல்ல விளக்கம், ஆனால் மிஞ்சிப் போகிறீர்களோ? விவாதத்தால் யாருமே மாறுவதில்லை என்றால் 1960? வியர்த்து வடிந்த நிக்சனைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றார்கள், வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றார்கள் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேனே.

ந. எழுதியது:

யாருமே மாறுவதில்லை என்று நான் சொல்லவில்லையே. மாறுகிற அளவைவிடப் பெரிதாகக் கணிப்பில் தெரிகிறது என்கிறேன்.

அந்த வானொலிக் கதை நின்றுகொண்டிருப்பது ஒரே ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின் மேல். அதில் வானொலிக் கேட்பாளர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. அன்றைக்குத் தொலைக்காட்சி எட்டாத நாட்டுப்புறங்களில் இருந்தவர்கள் ஏற்கெனவே கத்தோலிக்கரான கென்னடியை விரும்பாதவர்களாக இருந்திருக்கலாம். கேலப் கணிப்பில் முதல் விவாதத்துக்கு முன் நிக்சன் 47, கென்னடி 46. பின்னர் கென்னடி 49, நிக்சன் 46. இது மாதிரிப் பிழைக்குள், அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழைக்குள், அடங்கிவிடும் அசைவு. ஆனால் அந்தத் தேர்தலின் வாக்கு வித்தியாசமே ஒன்றே கால் லட்சத்துக்கும் கீழ். அவ்வளவு நெருக்கத்தில் வியர்வையும் முடிவு செய்திருக்கலாம், வேறு எதுவும் செய்திருக்கலாம்.

உண்மையிலேயே மாற்றம் தெரிவது 1976-இல். கார்ட்டருடன் நடந்த விவாதத்தில் "கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை" என்றார் அப்போதைய அதிபர் ஃபோர்டு. அன்றிரவே தொலைபேசியில் கேட்கப்பட்டவர்களில் கூடுதலானோர் ஃபோர்டு வென்றார் என்றார்கள். மறுநாள் முழுக்கச் செய்திகள் அந்த ஒரு வாக்கியத்தையே அரைத்தன. மாலைக்குள் கார்ட்டர் வென்றவராகிவிட்டார். ஆளை மாற்றியது விவாதமா, மறுநாள் செய்தியா? 'விவாத' என்ற அடையை நான் தவிர்ப்பதற்கு இதுவும் காரணம்.

த.மு. எழுதியது:

ந. அவர்களின் கருத்து சரி, சொல் தவறு. 'கணிப்பு' என்பதே இங்கே பொருந்தாது. கணித்தல் என்றால் வருவதை முன்கூட்டி உரைத்தல். சோதிடம் அறிந்தவர் கணியர். பூங்குன்றனாரும் கணியனே. வேங்கை மரத்துக்குக்கூடக் கணி என்று பெயர், அது பூத்தால் தினை அறுக்கும் காலம் வந்தது என்று குறவர் அறிவர். கேலப் நிறுவனம் செய்வதோ இன்றைய மனநிலையை அளப்பது. அது அளவை. எனவே 'கருத்தளவை'. வேங்கை புலிக்கும் பெயராக இருப்பதில் ஒரு சுவையான...

சு. எழுதியது:

ஐயா, புலி வேண்டாம். வெள்ளிக்கிழமை!

இ. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சின்ன விடயம். இந்த நூல் எங்கள் பக்கமும் வருமென்றால் 'அதிபர் தேர்தல்' என்று தலைப்பிட வேண்டாம். இங்கே அதிபர் என்றால் பாடசாலை நடத்துகிறவர். பிள்ளைகள் எங்கள் அதிபருக்கு எப்போது தேர்தல் என்று கேட்பார்கள். நாங்கள் சனாதிபதி என்போம்.

கணிப்பேற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏறுவதும் தெரிகிறது, எது ஏறுகிறது என்பதும் தெரிகிறது. அது திரும்ப இறங்கும் என்பது மட்டும் சொல்லில் இல்லை; வரைவிலக்கணத்தில் சொல்லிவிடலாம்.

த.மு. எழுதியது:

சனாதிபதியா! சரி, அதைப் பிறகு பார்ப்போம். இறங்குவது சொல்லில் இல்லை என்று இ. அவர்களே ஒப்புக்கொண்டதைக் கவனிக்கவும். எம்பலில் இருக்கிறது.

வி.க. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இயலில் இப்படி வைத்திருக்கிறேன்: பொதுச்சொல் 'கணிப்பேற்றம்', எதிர்நிலைக்குக் 'கணிப்பிறக்கம்'. விவாதத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் 'விவாதத்துக்குப் பிந்தைய கணிப்பேற்றம்', நீளம்தான். கட்சி மாநாட்டுக்குப் பின் வருவதற்கும் இதையே பயன்படுத்தலாம் என்பது எனக்குக் கூடுதல் லாபம். 'அதிபர்' இருக்கிறது, முதல் இடத்தில் சனாதிபதி என்று அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறேன். 'கருத்தளவை'யை எடுக்கவில்லை, மன்னிக்கவும் ஐயா. கருத்துக்கணிப்பு நாளிதழ்களில் ஊறிப்போய்விட்டது.

ஆதரவாளர்கள் சோர்ந்துபோய்ப் பதில் சொல்லாமல் விடுவதற்கும் ஒரு சொல் வேண்டும். இப்போதைக்குச் 'சார்புவழிப் பதிலின்மை' என்று எழுதியிருக்கிறேன், கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த இயல் மாதக் கடைசியில்.

த.மு. எழுதியது:

என் மறுப்பு பதிவாகட்டும். 'பதிலின்மை'யில் உள்ள பதிலைப் பற்றி நாளை எழுதுகிறேன்.