எஸ்இஓ (கூகுள் தேடல்ல வெப்சைட்டை மேல கொண்டு வர்ற வேலை) பண்ண ஆள் எடுத்தவங்க இருக்கீங்களா? யாரை நம்புறது?

கடலூர் முந்திரிக்கடை
மஞ்சக்குப்பத்துல கடை. பண்ருட்டி முந்திரி, ஆன்லைன் ஆர்டரும் உண்டு. தீபாவளிக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. வெப்சைட்டைத் தூக்கி விட ஒரு ஆள் போடலாம்னு பார்த்தா, வாட்ஸ்அப்ல தினம் ஒருத்தர் "முதல் பக்கம் கேரண்டி"ன்னு வர்றாரு. ஏற்கெனவே ஆள் வச்சுப் பார்த்தவங்க சொல்லுங்களேன்.

ஒயிட் டவுன் ஹோம்ஸ்டே
கேரண்டின்னு ஆரம்பிச்சாலே வணக்கம் சொல்லிடுங்க சார். முதலிடத்துக்கு யாராலயும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே தன் உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு.

எங்களுக்கு வாய்ச்சவங்க கேரண்டியெல்லாம் பேசல, டீசன்டான ஏஜென்சி. மாசம் பொறந்தா பிடிஎஃப் வந்துடும். வரிசையா கீவேர்டு (ஜனங்க தேடுற வார்த்தை), எல்லாத்துக்கும் நேரா ஒண்ணாம் நம்பர், பச்சை அம்புக்குறி. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா படிச்சேன். முக்கால்வாசி எங்க ஹோம்ஸ்டே பேருதான்! வெறும் பேரு, பேரோட பாண்டிச்சேரி, பேரோட போன் நம்பர். எங்க பேரைப் போட்டுத் தேடுறவங்களுக்கு எங்களை ஏற்கெனவே தெரியும்ங்க. ராக் பீச் பக்கத்துல ரூம் தேடுற பெங்களூர்க்காரர் வந்தாரா இல்லையா, அதைச் சொல்லணும்ல? எந்தெந்தத் தேடல்ல நம்ம சைட் வந்துச்சுன்னு காட்ட சர்ச் கன்சோல்னு கூகுளோட கருவி இருக்கு. அதுல எங்க பேர் இல்லாத தேடலை மட்டும் ஃபில்டர் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒரு நிமிஷ வேலை. 16 மாசக் கணக்கு அதுல இருக்கும், காசும் கிடையாது. "டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம் மேடம்"னாங்க. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க போல.

இப்ப பார்க்கிறது லாஸ்பேட்டையில ஒரு பொண்ணு, தனியா வேலை பண்றாங்க. முதல் சந்திப்புல லேப்டாப்பையே திறக்கல. புக்கிங் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுனாங்க. "சனி, ஞாயிறு தானா ரொம்புதே, அதுக்கு நான் எதுக்குக்கா? செவ்வாய், புதன்ல யார் வர்றாங்க?"ன்னு கேட்டாங்க. வயசானவங்க, ஆரோவில் போறவங்க, வேலையைக் கையோட கொண்டு வந்து தங்குறவங்கன்னு சொன்னேன். அவங்களுக்குன்னே தனிப் பக்கம் எழுதினாங்க: கீழ்த்தளத்துல ரூம் இருக்கா, வைஃபை எப்படி, வண்டி எங்க நிறுத்துறது. பலன் தெரிய நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகலாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. கூகுள் சொல்ற கணக்கும் அதேதான். வார நாள் இன்னும் முழுசா ரொம்பல. ஆனா எதுக்குக் காசு குடுக்கறோம்னு எனக்குத் தெரியுது.

முத்தியால்பேட்டை பல் கிளினிக்
எங்களுக்குக் கூகுள் மேப்ஸ்லதான் தலைவலி. முன்னாடி வச்சிருந்த ஆள், கிளினிக்கோட பிசினஸ் புரொஃபைலைத் தன் ஜிமெயில்ல ஆரம்பிச்சு, பிரைமரி ஓனராத் தன்னையே வச்சுக்கிட்டாரு. எங்களுக்கு வெறும் மேனேஜர். வீட்டுப் பத்திரத்தைக் குடித்தனக்காரர் பேர்ல எழுதின கதை. கணக்கை முடிச்சுக்கலாம்னு சொன்னதும் போனை எடுக்கறதில்ல. கூகுள்லயே ஓனர்ஷிப் கேட்டு மனு போட்டு, நாயா அலைஞ்சுதான் கைக்கு வந்துச்சு.

வந்த பிறகு ரிவ்யூவைப் பார்த்தா பகீர்னுச்சு. அஞ்சு ஸ்டார் குடுத்தவர் ஒருத்தர், அதே வாரம் இந்தூர்ல ஒரு டயர் கடைக்கும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரு. வேர் சிகிச்சைக்கு அங்கிருந்து முத்தியால்பேட்டைக்கு வந்தாரா? போலி ரிவ்யூ கூகுள் விதிக்கு விரோதம். மாட்டினா அடி விழறது கிளினிக் பேருக்குத்தான், அவருக்கு இல்ல.

வில்லியனூர் எஸ்இஓ
நான் இந்தத் தொழில்லயே இருக்கேன், அதனால கொஞ்சம் தள்ளுபடி பண்ணிப் படிங்க. முந்திரிக்கடை சார், தீபாவளிக்குள்ள எஸ்இஓ கை கொடுக்காது. அதுக்கு விளம்பரம் போடுங்க, பழைய கஸ்டமருக்கு மெசேஜ் அனுப்புங்க. எஸ்இஓவை அடுத்த வருஷத்துக்குன்னு நிதானமா ஆரம்பிக்கலாம். இதைச் சொல்லாம அட்வான்ஸ் கேட்கிற ஆளைத் தவிர்த்துடுங்க.

"நாங்க கூகுள் பார்ட்னர்"னு பேட்ஜ் காட்டுவாங்க. அது விளம்பரம் நடத்துறதுக்கான பேட்ஜ். விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டினாலும் சாதாரணத் தேடல்ல ஒரு படிகூட ஏறாது. டொமைன் அத்தாரிட்டி இவ்வளவு ஏத்தினோம்னு சொன்னா, அது மாஸ் (Moz)னு ஒரு கம்பெனி சைட்டோட பலத்துக்குப் போடற மார்க், கூகுளோடது இல்ல. கட்டுக்கட்டா பேக்லிங்க் (மத்த சைட்லேர்ந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்) விக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 2012ல கூகுளோட பெங்குவின் அப்டேட் வந்ததே அந்த மாதிரி லிங்க் வேலைகளைப் பிடிக்கத்தான். லிங்க் எந்தெந்த சைட்லேர்ந்து வருதுன்னு கேளுங்க, பட்டியல் தர மறுத்தா விட்டுடுங்க. ஏற்கெனவே யாராவது கை வச்ச சைட்டா இருந்தா, சர்ச் கன்சோல்ல மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தை முதல்ல பாருங்க, கூகுள் தண்டனை போட்டிருந்தா அங்க தெரியும்.

கடலூர் முந்திரிக்கடை
எல்லாருக்கும் நன்றி. வாட்ஸ்அப் ஆள்கிட்ட "சர்ச் கன்சோல்ல நான் ஓனர், நீங்க ஃபுல் யூசர், சம்மதமா?"ன்னு இப்பதான் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. இன்னொரு சந்தேகம்: டொமைன் (வெப்சைட் அட்ரஸ்) எங்க பழைய டிசைனர் மெயில்ல இருக்கு. அதையும் மாத்தணுமா?

முத்தியால்பேட்டை பல் கிளினிக்
அதைத்தான் முதல்ல மாத்தணும் சார். டிசைனரோட பேச்சுவார்த்தை நல்லா இருக்கும்போதே கேட்டு வாங்கிடுங்க. டொமைன் இருக்கிற கம்பெனியிலேயே உங்க பேர்ல கணக்கு தொடங்கி அதுக்கு மாத்தச் சொல்லுங்க. வேற கம்பெனிக்குக் கொண்டு போறதா இருந்தா டிரான்ஸ்ஃபர் கோட் கேளுங்க. ரினியூவல் தேதியையும் கேட்டு வச்சுக்கோங்க.