புது கிளட்ச் கேபிள் போட்டும் நியூட்ரல் விழவில்லை

கேள்வி: பைக்கின் கிளட்ச் கேபிளை நானே மாற்றினேன். லீவரை முழுக்கப் பிடித்தாலும் முதல் கியரில் வண்டி மெல்ல முன்னால் இழுக்கிறது. நியூட்ரலும் விழ மாட்டேன் என்கிறது. கிளட்ச் பிளேட் போயிருக்குமா?

பதில்: அதற்குள் பிளேட்டைச் சந்தேகப்படாதீர்கள், கேபிளில் ஆட்டம் (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) அதிகம். பெரும்பாலான வண்டிகளுக்கு லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. போதும். ஹேண்டில் பக்க அட்ஜஸ்டரை உள்ளே திருகிவிட்டு, இன்ஜின் பக்க நட்டில் அளவைக் கொண்டுவாருங்கள். மேலே இருப்பது கடைசி நுணுக்கத்துக்குத்தான். அதற்காக ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கும். அப்புறம் பிளேட் நிஜமாகவே போகும்.

இன்னொரு பதில்: ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஆட்டம் கூடிக் குறைந்தால் கேபிள் எங்கோ மடங்கி இழுபடுகிறது.

கேட்டவர்: கீழ் நட்டில் சரிசெய்ததும் நியூட்ரல் டக்கென்று விழுகிறது. அது தளராமல் பிடிக்கும் லாக் நட்டையும் இறுக்கிவிட்டேன்.