ரஸ்ஸல் வில்சன வித்துட்டாங்க: போக வேண்டியது அவரா, கோச் பீட் கேரலா?

ஹாக்_பாண்டி | 8 மார்ச் 2022

ஆபீஸ் மீட்டிங்ல கேமராவ அணைச்சுட்டு இத அடிக்கிறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. காலைல ஆரோன் ராட்ஜர்ஸ் கிரீன் பே டீம்லயே இருக்கப் போறாருன்னு நியூஸ் வந்துச்சு, சரி நமக்கென்னன்னு காபிய எடுத்துட்டு உக்காந்தேன், கொஞ்ச நேரத்துல போன் அலறுது, ரஸ்ஸ, நம்ம சியாட்டில் சீஹாக்ஸோட குவாட்டர்பேக்க (அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவரு), டென்வர் டீமுக்குக் குடுத்தாச்சாம். பத்து வருஷம்யா. 2012 டிராஃப்ட்ல (காலேஜ் ஆளுங்கள டீமெல்லாம் வரிசையா எடுக்குறது) மூணாவது ரவுண்டுல 75-வது ஆளா எடுத்தோம், குள்ளம் குள்ளம்னு மத்தவன்லாம் ஒதுக்குனான், ரெண்டாவது வருஷமே லீக் ஃபைனல் சூப்பர் பவுல ஜெயிச்சோம், அதுவும் இதே டென்வர 43-8னு துவைச்சு காயப் போட்டு.

கணக்கு தெரியாதவங்களுக்கு: நமக்கு வர்றது ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் (டிராஃப்ட்ல ஆள் எடுக்குற வாய்ப்பு), ரெண்டு செகண்ட் ரவுண்ட், ஒரு அஞ்சாவது ரவுண்ட், அப்புறம் ட்ரூ லாக், நோவா ஃபேண்ட், ஷெல்பி ஹாரிஸ்னு மூணு ஆட்டக்காரங்க. ரஸ்ஸோட கூட நாலாவது ரவுண்ட் பிக் ஒண்ணும் நாம குடுக்குறோம், கொசுறு.

போன வாரம் தான் கேரல் பிரஸ் முன்னாடி நின்னு அப்படி ஒரு எண்ணமே எங்களுக்கு இல்லன்னாரு. ஒரு வாரம் தாங்கல அந்தப் பேச்சு.

எனக்கு ட்ரேட் மேல கூட அவ்வளவு கோவம் இல்ல, இதுவரைக்கும் இழுத்துட்டு வந்த மேனேஜ்மென்ட் மேல தான். 2020-ல ஜமால் ஆடம்ஸ்ங்கற ஒரு சேஃப்டிக்கு (கடைசி வரிசைல நின்னு தடுக்குறவரு) ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட தூக்கி நியூயார்க் ஜெட்ஸுக்குக் குடுத்தாங்க. அதனால 2021 டிராஃப்ட்ல நம்ம கைல மொத்தமே மூணு பிக். முதல் பிக், 56-வது இடத்துல, எஸ்க்ரிட்ஜ்னு பாஸ் பிடிக்கிற ஒரு ரிசீவர். ஏழு இடம் தள்ளி கன்சாஸ் சிட்டி க்ரீட் ஹம்ஃப்ரிய எடுத்தான், சென்டர், அதாவது குவாட்டர்பேக்க காக்குற லைனோட நடு ஆளு, போன சீசன்ல அவன் ஆடுன ஆட்டத்தப் பாத்தீங்கல்ல? நமக்கு சென்டர் வேணும்னு பாப்கார்ன் விக்கிறவருக்குக் கூட தெரியும். பத்து சீசன்ல 427 தடவ ரஸ் தரைல விழுந்திருக்காரு. குவாட்டர்பேக்கா, பஞ்ச் பேக்கா?

போக வேண்டியவரு 70 வயசு கோச். போனது 33 வயசு குவாட்டர்பேக்.

கேப்_கணக்கர் | 8 மார்ச் 2022

பாண்டி, கோவம் புரியுது, ஆனா பாதிக் கதைய விட்டுட்டீங்க. வில்சன் கான்ட்ராக்ட்ல நோ-ட்ரேட் கிளாஸ் இருக்கு. அவரு சரின்னு தலையாட்டாம யாரும் அவர எங்கயும் அனுப்ப முடியாது. போன வருஷம் பிப்ரவரில என்ன நடந்துச்சு? ரொம்ப அடி வாங்குறேன்னு வெளிய பேசுனாரு, அப்புறம் அவரோட ஏஜென்ட் டல்லாஸ், நியூ ஆர்லியன்ஸ், ரெய்டர்ஸ், சிகாகோ, இந்த நாலு இடம்னா போகத் தயார்னு லிஸ்ட் குடுத்தாரு. பெட்டிய கட்டி ஒரு வருஷமா வாசல்ல வச்சிருந்த ஆள விரட்டிட்டாங்கன்னு சொன்னா எப்படி.

இன்னும் ரெண்டு வருஷம் தான் கான்ட்ராக்ட். அடுத்தத எழுதும்போது 35 வயசு. அந்த வயசுல வருஷத்துக்கு 5 கோடி டாலர் பக்கம் கேப்பாரு. குடுப்பீங்களா? குடுக்க மாட்டீங்கன்னா இப்ப வித்தா தான் விலை.

அப்புறம் அந்த 427. லைன் மோசம் தான், நான் மறுக்கல. ஆனா பந்த கைல வச்சுக்கிட்டு பிரகாரம் சுத்துற மாதிரி பின்னாடியே போயி அரை ரவுண்டு அடிச்சு எவனாவது தூரத்துல ஃப்ரீ ஆவானான்னு பாத்துட்டே நிக்கிறது அவரோட ஸ்டைலு. அதுல வந்த டச்டவுனுக்கு (கோல் லைன தாண்டி எடுக்குற பாயிண்ட்) நாம கை தட்டுனோம், அதுலயே எதிராளி அவர தரைல சாய்ச்சதுக்கு மட்டும் லைன்ல நிக்கிறவங்கள திட்டுறோம்.

டென்வர்_மாப்ள | 8 மார்ச் 2022

மாமா சவுக்கியமா 😂 இங்க நாங்க வீட்டுல கேசரி கிண்டிட்டு இருக்கோம்.

ஃபர்ஸ்ட் ரவுண்ட் ரெண்டு என்ன, கேட்டிருந்தா மூணு கூட குடுத்திருப்போம். எங்க பழைய குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் சூப்பர் பவுல் 50 ஜெயிச்சு வீட்டுக்குப் போனதுல இருந்து நாங்க ப்ளேஆஃப் (சீசன் முடிவுல வர்ற நாக்அவுட் சுற்று) வாசல மிதிச்சதில்ல. 2020-ல கோவிட்டால எல்லா குவாட்டர்பேக்கும் உள்ள இறங்க முடியாமப் போயி, ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல இருந்த கெண்டல் ஹின்டன்னு ஒரு ரிசீவர் பையன நிக்க வச்சு நியூ ஆர்லியன்ஸ் கூட ஆடுனோம், ஒன்பது பாஸ்ல ஒண்ணே ஒண்ணு தான் நம்மாளு கைல போச்சு. அத பாத்த கண்ணுக்கு வில்சன்லாம் தெய்வம்.

ஹாக்_பாண்டி | 8 மார்ச் 2022

மாப்ள நீ ஓரமா நில்லு, இது குடும்ப சண்ட.

கணக்கர் சார், பெட்டி கட்டி வச்சிருந்தாருன்னு சொல்றீங்க, ஏன் கட்டுனாருன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே? 2019 ஜனவரி டல்லாஸ் ப்ளேஆஃப் ஞாபகம் இருக்கா, 24-22 தோத்தோம். முதல் டவுன் (பத்து யார்டு போக குடுக்குற நாலு வாய்ப்புல முதலாவது) ஓட்டம், ஒண்ணும் தேறல, ரெண்டாவது டவுனும் ஓட்டம், அதுவும் தேறல, மூணாவது டவுன்ல பத்து யார்டு இருக்கும்போது இந்தா ரஸ் இப்ப நீ காப்பாத்துன்னு விடுறது. ராத்திரி பூரா இதே தான். எதிர்ல நிக்கிறவனுக்கும் தெரியும், டிவி பாக்குற எனக்கும் தெரியும், கேரலுக்கு மட்டும் தெரியாது.

2020-ல ரஸ் சமைக்கட்டும்னு ஊரே கத்துன அப்புறம் தான் விட்டாரு, 40 டச்டவுன் பாஸ் வந்துச்சுல்ல? அதுலயும் பாதி சமையல்ல கேஸ மூடிட்டாரு.

கேப்_கணக்கர் | 8 மார்ச் 2022

> பாதி சமையல்ல கேஸ மூடிட்டாரு

கேஸ மூடல, அடுப்பு தீப்பிடிச்சுச்சு. நவம்பர்ல பஃபலோ, அடுத்த வாரம் ராம்ஸ், ரெண்டே மேட்ச்சுல ஏழு தடவ பந்த பறிகுடுத்தாரு. எதிர் டீம்லாம் ரெண்டு சேஃப்டிய பின்னாடி நிறுத்தி லாங் பாலுக்கு வழிய அடைச்சான். அப்ப சின்ன பாஸா நடுவுல போடணும், அது நம்மாளுக்கு வராது, பிடிக்கவும் பிடிக்காது. அந்த சீசன் ப்ளேஆஃப்ல அதே ராம்ஸ் கிட்ட நம்ம வீட்டுலயே 30-20.

நேத்து_வந்தவன் | 9 மார்ச் 2022

நடுவுல வர்றதுக்கு சாரி. ரஸ் போனாலும் அவரு பேர்ல நம்ம சாலரி கேப்ல (ஒரு டீம் வருஷத்துக்கு சம்பளக் கணக்குல போகக்கூடிய உச்சவரம்பு) 2 கோடியே 60 லட்சம் டாலர் நிக்கும்னு போட்டிருக்கான், டெட் மணின்னு. ஆளே இல்ல, எதுக்கு சம்பளம்?

கேப்_கணக்கர் | 9 மார்ச் 2022

புதுசா குடுக்குற சம்பளம் இல்ல தம்பி. கையெழுத்துப் போட்டப்பவே போனஸ மொத்தமா குடுத்துட்டாங்க, ஆனா லீக் கணக்குல அத வருஷா வருஷம் பிரிச்சு எழுதிக்கலாம். ஆளு நடுவுல கிளம்பினா எழுதாம மிச்சம் இருக்கறது மொத்தமா ஒரே தடவைல வந்து விழும். இஎம்ஐல வாங்குன பைக்க பாதில வித்தா பாக்கி கடன ஒரே நாள்ல அடைக்கிற மாதிரி.

வன்கூவர்_பெடியன் | 9 மார்ச் 2022

நான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து இந்த டீமைப் பாக்கிற ஆள். நீங்கள் ரெண்டு பேரும் டிராஃப்ட், கேப் எண்டு கதைக்கிறியள், எனக்கெண்டா எல்லாம் அந்த ஒரு யார்டிலைதான் முடிஞ்சது. 2015 பெப்ரவரி சூப்பர் பவுல், நியூ இங்கிலாந்தோடை 28-24 எண்டு பின்னாலை நிக்கிறம், கடைசி அரை நிமிசம், கோல் லைனுக்கு ஒரு யார்ட், பக்கத்திலை மார்ஷான் லிஞ்ச் நிக்கிறான், லீக்கிலை அவனை மாதிரி இடிச்சுக்கொண்டு போறவன் வேறை ஆர்? அவனிட்டை குடுக்காமல் பாஸ் போட்டு, அவையின்ரை மால்கம் பட்லர் பாய்ஞ்சு பிடிச்சான்.

அதுக்குப் பிறகு அந்த ட்ரெஸ்ஸிங் ரூமிலை ஒருத்தரையொருத்தர் நம்பேல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். எங்கடை டிஃபென்ஸ் ஆள் ஷெர்மனை 2018-லை கழட்டி விட்டவை. அதே வருசம் ஏர்ல் தோமஸ் கால் முறிஞ்சு வண்டியிலை போகேக்கை சொந்த பெஞ்சைப் பாத்து நடுவிரலைக் காட்டிப்போட்டுப் போனவன். இந்த டீம் ஒருத்தரையும் ஒழுங்கா வழியனுப்பினதில்லை, ரஸ் வரிசையிலை கடைசி ஆள், அவ்வளவுதான்.

பெல்வியூ_அக்கா | 10 மார்ச் 2022

கடைசி ஆளு ரஸ் இல்லீங்க. அதே நாள் சாயங்காலம் பாபி வாக்னரயும் விட்டுட்டாங்க, இந்த திரில ஒருத்தரும் அவரு பேர எடுக்கவே இல்ல. ரஸ் கூடவே 2012-ல வந்தவரு, பத்து வருஷம் டிஃபென்ஸ் நடுவுல தூணா நின்னவரு, அவருக்கு விஷயத்த டீம் சொல்லவே இல்லையாம், அவரே ட்விட்டர்ல போட்டிருக்காரு. எனக்கு ரஸ் போனத விட இது தானுங்க வயித்தெரிச்சல். ரஸ்ஸாவது கேட்டு வாங்கிட்டுப் போனாரு.

கணக்கர் சொல்ற விலைக் கணக்கெல்லாம் சரிங்க. பாண்டி சொல்ற மாதிரி டிராஃப்ட்ல கோட்ட விட்டதும் சரிங்க. ஆனா அந்தத் தப்ப யாரு கேக்கறது? கேரல் வெறும் கோச் இல்ல, ஆள் எடுக்கறதுலயும் கடைசி வார்த்த அவருது, ஜெனரல் மேனேஜர் ஷ்னைடர் அவருக்கு அடுத்து தான். பரீட்சை எழுதறதும் அவரே, பேப்பர் திருத்தறதும் அவரே. ஓனர் பால் ஆலன் 2018-ல இறந்து போனதுக்கப்புறம் அவரு தங்கச்சி ஜோடி ஆலன் டிரஸ்ட் பேர்ல பாத்துக்கறாங்க, ஆனா வெளிய வந்து ஒரு வார்த்த பேசுனத நான் கேட்டதில்ல. 2020 நவம்பர்லயே கேரலுக்கு 2025 வரைக்கும் நீட்டிச்சுக் குடுத்தாச்சு. அன்னைக்கே ரஸ் போறது முடிவாயிருச்சுன்னு நான் எங்க வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன், அவரு சிரிச்சாரு.

செவ்வாய்க்கிழமையானா குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போயி உக்காந்துட்டு வருவாரு ரஸ். அது நடிப்புங்கறவங்க கிட்ட நான் பேசவே மாட்டேன்.

ஹாக்_பாண்டி | 10 மார்ச் 2022

அக்கா சொன்னது தான் நான் முதல்ல இருந்து கத்திட்டிருக்கறது, என்ன, அவங்க அழகா சொல்லிட்டாங்க.

இப்ப சொல்லுங்க கணக்கரே, அடுத்த சீசன் யாரு ஆடுவா? ட்ரூ லாக்கா? அவர டென்வர்காரனே வேணாம்னு தான தள்ளி விட்டான். நம்ம பேக்கப் குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித்துக்கு இன்னும் கான்ட்ராக்டே இல்ல. போன சீசன் ரஸ் விரல ஒடிச்சுக்கிட்டு மூணு மேட்ச் உக்காந்தப்ப ஜீனோ ரெண்டு தோல்வி ஒரு வெற்றி, அந்த வெற்றியும் ஜாக்சன்வில் கூட.

கேப்_கணக்கர் | 10 மார்ச் 2022

அந்த ரெண்டு தோல்வியும் மூணு மூணு பாயிண்ட்ல, ஒண்ணு ஓவர்டைம்ல. ரஸ் திரும்பி வந்த முதல் மேட்ச் ஸ்கோர் சொல்லட்டா? கிரீன் பே 17, நாம 0.

ஹாக்_பாண்டி | 10 மார்ச் 2022

விரல்ல ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம் சொச்சத்துல டீமுக்காக ஓடி வந்த மனுஷன் மேல அத சொல்றீங்களே, எக்ஸெல் ஷீட்டுக்கு மனசு இருக்காதுன்னு தெரியும், அத வச்சிருக்கறவருக்குமா?

கேப்_கணக்கர் | 29 ஏப்ரல் 2022

திரிய மேல தூக்குறேன். டென்வர் குடுத்த 9-வது பிக்ல நேத்து சார்லஸ் கிராஸ எடுத்தாச்சு, லெஃப்ட் டேக்கிள், அதாவது லைன்ல இடது ஓரத்துல நின்னு குவாட்டர்பேக்க காக்குறவரு. லைன கவனிக்கலன்னு சொன்னீங்களே பாண்டி.

ஹாக்_பாண்டி | 29 ஏப்ரல் 2022

பத்து வருஷமா ரஸ் கேட்ட ஆள, ரஸ் போனதுக்கப்புறம், ரஸ்ஸ வித்த காசுல வாங்கிருக்காங்க. இத பெருமையா வேற வந்து சொல்றீங்க. நம்ம சொந்த பிக் 10-வது இடத்துல இருந்துச்சு, அது ஆடம்ஸ் கணக்குல ஜெட்ஸுக்குப் போச்சு, அதையும் சேத்து எழுதுங்க.

கேப்_கணக்கர் | 29 ஏப்ரல் 2022

ஆடம்ஸ் விஷயத்துல நான் ஒண்ணும் பேசல. அது தப்பு தான்.

ஹாக்_பாண்டி | 13 செப்டம்பர் 2022

ஸ்டேடியத்துல இருந்து இப்ப தான் வீட்டுக்கு வந்தேன், தொண்ட போச்சு. சீசன் முதல் மேட்ச்சே நம்ம ஊர்ல, எதிர்ல ரஸ், யாரு இத பிளான் பண்ணதோ அவனுக்கு நல்ல ரசனை. 17-16, ஜெயிச்சோம். ஜீனோ 28 பாஸ்ல 23 சரியாப் போட்டாரு, நான் சொன்னதெல்லாம் வாபஸ்.

ரஸ் மைதானத்துக்குள்ள ஓடி வந்தப்ப மொத்த ஸ்டேடியமும் ஊஊன்னு ஊளையிட்டுச்சு. பக்கத்து சீட்டுக்காரன் 3-ம் நம்பர் ஜெர்சில பேர் மேல டேப் ஒட்டிட்டு வந்து ஊளையிடுறான். எனக்கு வாய் வரல. கைய கட்டிட்டு நின்னேன். கிக்ஆஃப் ஆனப்புறம் சரியாயிருச்சு.

கேப்_கணக்கர் | 13 செப்டம்பர் 2022

இப்ப தான் 24 கோடியே 50 லட்சம் டாலருக்கு புது கான்ட்ராக்ட் எழுதுனாங்க டென்வர்ல. அப்படி எழுதிட்டு, கடைசி நிமிஷம், நாலாவது டவுன், அஞ்சு யார்டு, கைல மூணு டைம்அவுட், அப்பயும் அவரு கைல பந்த குடுக்காம 64 யார்டு ஃபீல்ட் கோல் (பந்த உதைச்சு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல போடுறது) அடிக்க ஆள அனுப்புறாரு புது கோச் ஹாக்கெட். மாப்ள எங்கப்பா?

டென்வர்_மாப்ள | 13 செப்டம்பர் 2022

இருக்கேன். கேசரி ஊசிப் போச்சு. கேரல் தான் அவர நம்பலன்னு பாத்தா எங்காளு அதுக்கு மேல இருக்கான்.

பெல்வியூ_அக்கா | 13 செப்டம்பர் 2022

ஒண்ணு கவனிச்சீங்களா, மூணாவது குவாட்டர்ல டென்வர் ரெண்டு தடவ நம்ம கோல் லைனுக்கு ஒரு யார்டு வரைக்கும் வந்துச்சு. ரெண்டு தடவையும் ரஸ் பாஸ் போடல, ஓடறவங்க கைல குடுத்தாரு, முதல்ல மெல்வின் கார்டன், அப்புறம் ஜவான்டே வில்லியம்ஸ். ரெண்டு பேரும் பந்த கீழ விட்டாங்க, ரெண்டும் நமக்கு. ஏனுங்க வன்கூவர் தம்பி, ஒரு யார்டுல ஓட விட்டா போதும்னு ஏழு வருஷமா சொல்லிட்டு இருக்கீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?

வன்கூவர்_பெடியன் | 13 செப்டம்பர் 2022

அவையள் லிஞ்ச் இல்லையே அக்கா.