மேல்முதுகு வலி: 3 வருடமாகக் காரணம் தெரியவில்லை. உங்களுக்கு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஓவர்லாக்:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் 11 வருடமாக ஓவர்லாக் தைக்கிறேன். வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு இடம். கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும், அவ்வளவுதான். அங்கேதான் 3 வருடமாக வலி. தைலம், ஒத்தடம், ஊசி எல்லாம் ஆயிற்று. முதுகு எக்ஸ்ரே மட்டும் 3 தடவை.

கடைசியாகப் பார்த்த டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறதும்மா, வீட்டில் ஏதாவது கவலையா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்த அலுப்பு. வலி வேறு. அழுதுவிட்டேன். நான் அழுததைப் பார்த்ததும் கவலைதான் காரணம் என்று முடிவு செய்து தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் பையில் இருக்கிறது. வாங்கவில்லை.

போன மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். முதுகைக் காட்டினேன், அவர் முதுகைத் தொடவே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வலப்பக்கம் திருப்பி, உச்சந்தலையில் மெதுவாக அழுத்தினார். அதே கட்டைவிரல் இடத்தில் சுரீர் என்று குத்தியது. கழுத்து டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி முதுகில் தெரியுமாம். கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். எனக்குக் கழுத்தில் துளி வலி கிடையாது. இப்படி யாருக்காவது இருந்திருக்கிறதா? கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும், அதனால் கேட்கிறேன்.

மாடித்தோட்டம்:
அக்கா, கழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. முதுகில் காட்டும் வலிக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நடுமுதுகு பிடிக்கிறது என்பார். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். வாய்வு என்று பூண்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தோம். ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்த இடத்திலேயே வலி. நான் தைலம் தேய்த்துவிட்டேன். ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது. தைலம் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்துப் பார்த்தால் வேர்வை, அதுவும் ஜில்லென்று. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் தேய்த்தேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. இசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்து நன்றாக இருக்கிறார்.

நெஞ்சு வலி என்று அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இப்படி வருவது உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. நடந்தால் வந்து நின்றால் போகும் முதுகு வலியைத் தயவுசெய்து வாய்வு என்று விடாதீர்கள்.

தறிச்சத்தம்:
மாடித்தோட்டம், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மூன்று வருடமாக ஒரே புள்ளியில் வலிக்கும் ஒருவரிடம் மாரடைப்பைச் சொன்னால் அவர் இரவில் எப்படித் தூங்குவார்? நடக்கும்போது வருகிறது என்று அவர் எழுதவே இல்லையே. எனக்கும் 8 வருடம் இதே வலி. கம்ப்யூட்டர் வேலை. கடைசியில் தசைதான் என்று தெரிந்து, உடற்பயிற்சியில் முக்கால்வாசி குறைந்தது.

ஓவர்லாக் சகோதரி, முதலில் ஸ்டூலைப் பாருங்கள். தைக்கும்போது தலை குனிந்து, இரண்டு கையும் முன்னால் நீண்டே இருக்கும். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டே தைப்பீர்கள். முழங்கை மெஷின் டேபிள் மட்டத்துக்கு வருகிற மாதிரி ஒரு குஷன் போடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு துண்டைச் சுருட்டி, தரையில் மல்லாந்து படுத்து, மேல்முதுகுக்குக் குறுக்கே வைத்துக் கையை விரித்துக்கொள்ளுங்கள். இரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கும் பயிற்சியும் நல்லது. குப்புறப் படுக்காதீர்கள், கழுத்து ஒரே பக்கம் திரும்பிக் கிடக்கும். வைட்டமின் டி பார்த்துவிடுங்கள், நாள் முழுக்கக் கட்டிடத்துக்குள் இருப்பவர்களுக்குக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் போய்விடும். அப்புறம், உங்கள் பக்கம் நல்ல சுளுக்கு எடுப்பவர் இருந்தால் ஒரு தடவை உருவிவிடச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

வெள்ளாற்றங்கரை:
கடைசி இரண்டு வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

என் தம்பிக்கு அப்போது 26 வயது. நடுமுதுகு வலி, ஐந்து மாதம். எக்ஸ்ரே நார்மல் என்றார்கள். படுத்தாலும் வலி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டான். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தோம், யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பக்கத்து ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவரிடம் கூட்டிப்போனேன். விளக்கெண்ணெய் தொட்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு எலும்பாக விரல் வைத்து வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. மறுபடி மேலே போய் அதே இடத்துக்கு வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "தம்பி, இங்கே எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. நான் தொட மாட்டேன். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். காசு வாங்கவில்லை. அவர் மட்டும் பிடித்து உருவியிருந்தால் தம்பிக்குக் கால் போயிருக்கும். அந்த மாதிரி ஓர் ஆள் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

எம்ஆர்ஐயில் முதுகெலும்புக் காசநோய். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1779-லேயே எழுதிவைத்த நோய், அவர் பெயரில்தான் இன்றும் வழங்குகிறது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாமாம். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து முழுக்க இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1000. ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டு எழுந்துவிட்டான். எலும்பில் மட்டும் இருக்கும் காசநோய் மற்றவருக்குத் தொற்றாது. அது தெரியாமல் வீட்டில் அவனுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். அவனும் ஒன்றும் கேட்காமல் அதையே கழுவிக் கழுவிக் குடித்தான்.

ஓவர்லாக், ராத்திரி வலி எழுப்புகிறதா? எடை குறைந்ததா? சாயங்காலக் காய்ச்சல் உண்டா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம்ஷிப்ட்:
எனக்கு நேர்மாறு. ஓய்வெடுத்தால்தான் வலி. விடியற்காலையில் முதுகு பலகை மாதிரி இருக்கும். மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடந்தால் இளகும். 23 வயதில் ஆரம்பித்தது. 6 வருடமாக எல்லோரும் ரெஸ்ட் எடு என்றே சொன்னார்கள். வாதநோய் மருத்துவர் ஒருவர்தான் "தூங்கி எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நடப்பேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளை இறுக வைக்கும் ஒரு வாதநோய். இப்போது மருந்தில் இருக்கிறேன். டாக்டரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது என்பதோடு எப்போது வலிக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஓவர்லாக்:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளாற்றங்கரை அண்ணா, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் மட்டும் விழிப்பு வரும். மாடித்தோட்டம் தம்பி, கம்பெனியில் மூன்று மாடி ஏறுகிறேன், அப்போது வலிப்பதில்லை. ஆனாலும் இசிஜி எடுத்துவிட்டேன், நார்மல். குஷன் போட்டேன், தோளுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கிறது.

எப்போது வலிக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தால் வருகிறது. கூடவே வலது நடுவிரல் மரத்துப்போகிறது, நூல் கோக்கும்போது தெரிகிறது. வலக்கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் குறைகிறது. லைனில் நான் அப்படி உட்கார்ந்தால் சூப்பர்வைசர் தூக்கமா என்பார். வலி தாங்காமல்தான் கையை அங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பிசியோவிடம் போனில் சொன்னேன். இதைத்தான் கேட்க நினைத்தேன், எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் எழுதிக் கொடுங்கள் என்றார். வியாழக்கிழமை காலை 7 மணிக்கு எடுக்கிறார்கள்.