சாக்சபோன் வாசிப்பு வயதால் முதிர்கிறதா, சாதகத்தாலா (இடைவிடாத பயிற்சியாலா)?

பாளை ரசிகன்:
அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 'சாக்சபோன் கொலோசஸ்' இசைத்தட்டைப் பதிவு செய்தது 1956-இல், 25 வயதில். ஜாஸ் உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது 1959-இல் மேடையை விட்டு இறங்கினார். நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் தன்னந்தனியாக வாசித்துக்கொண்டிருந்துவிட்டு 1961-இல்தான் திரும்பினார். அவ்வளவு புகழ் பெற்றவருக்கே வாசிப்பு பழுக்கவில்லை என்று தோன்றியிருக்கிறது. பழுக்க ஆண்டுகள் வேண்டும் என்பது என் கட்சி.

அம்பை நாயனம்:
அண்ணாச்சி, இதை என்னால் ஏற்க முடியாது. பாலத்தில் அவர் செய்தது சாதகம். அதை வயதின் கணக்கில் எழுதுவது நியாயமா? நாயனம் பிடிக்கிறவன் சொல்கிறேன், ஊதுகிற கருவிக்கு உடம்புதான் மூலதனம். சாக்சபோனில் மேல்பல் ஊதுவாயில் பதிய வேண்டும், கீழுதடு சீவாளியை, அதாவது ஊதும்போது அதிரும் நாணல் பட்டையை, தாங்க வேண்டும். பல் ஆடினால் நாதமும் ஆடும். இன்னொரு ஜாஸ் சாக்சபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967-இல் 40 வயதில் இறந்தார். நம் காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இலேயே மறைந்துவிட்டார். இவர்கள் வாசிப்பில் என்ன முதிர்ச்சி குறைந்தது?

பாளை ரசிகன்:
தம்பி, கோல்ட்ரேன் என் பக்கத்துச் சாட்சி. 1959-இல் பதிவான 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' கேளுங்கள், மூச்சுவிட இடமில்லாமல் சுரங்களைக் கொட்டுகிறார். 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' முதல் பகுதியில் நான்கே சுரம் கொண்ட ஒரு பிடியை எடுத்து, சுருதி சுருதியாக நகர்த்திக்கொண்டே போகிறார். எதை விட வேண்டும் என்ற தெளிவு அது.

அம்பை நாயனம்:
இடையில் ஐந்தே வருடம்! அதற்குள் இத்தனை மாற்றம் என்றால் அது வயதா? 1957-இல் போதைப் பழக்கத்தை விட்டதும், ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் வாசித்ததும்தான் அவரைத் திருப்பின.

சேரன்மகாதேவி வாசகி:
நாயனக்கார அண்ணனிடம் ஒரு கேள்வி. சாக்சபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர் 1964-க்குப் பிறகு ஐரோப்பாவில் இருந்தபோது வாசித்த மெதுவான பாடல்களைக் கேட்டிருக்கிறீர்களா? சுரம் முடிந்த பிறகும் காற்று மட்டும் இழைந்து வருகிறது. இளைஞன் அப்படி நிதானமாக விடுவானா?

அம்பை நாயனம்:
அந்தக் காற்று 1940-இல் டியூக் எல்லிங்டனின் ஜாஸ் குழுவில் இருந்தபோதே அவரிடம் உண்டு, அம்மா. அப்போது அவருக்கு முப்பத்தொன்று.

பாளை ரசிகன்:
உண்டு, மறுக்கவில்லை. அன்று அது பல அழகுகளில் ஒன்று. கடைசிக் காலத்தில் ஓட்டத்தை எல்லாம் உதறிவிட்டு அதன் மேலேயே நின்றார். 1973-இல் இறக்கும் வரை அந்த நிதானத்தை அவர் விடவில்லை. வேகம் போனதால் வந்த நிதானம் என்று நீங்கள் சொல்வீர்கள், தம்பி. வேகம் போன எத்தனை பேரிடம் அந்த நாதம் நிற்கிறது என்பதற்கும் பதில் சொல்லுங்கள்.