ஐஸ்லாந்தில் வாடகை கார்: ஓட்டியவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் குடும்பத்தோடு ஐஸ்லாந்து போகிறோம். கெஃப்லாவிக் விமான நிலையத்திலேயே கார் எடுத்து, ரிங் ரோட்டில் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவரத் திட்டம்.

பெரிய குழப்பமே இன்சூரன்ஸ்தான். வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீடு போக, ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைந்தால் அதற்குத் தனி, மணலும் எரிமலைச் சாம்பலும் பெயிண்ட்டை உரித்தால் அதற்குத் தனி என்று பட்டியல் நீள்கிறது. காற்றடித்துக் கதவு பிய்ந்தால் மட்டும் பெரும்பாலும் எதிலும் சேராதாம் (அங்கே அடிக்கடி நடப்பதே அதுதானாம்!). எதைக் கட்டாயம் எடுக்க வேண்டும், எது வெறும் பயமுறுத்தல்? கிரெடிட் கார்டோடு வரும் காப்பீட்டை நம்பி யாராவது போயிருக்கிறீர்களா?

எஃப் என்று தொடங்கும் மலைச் சாலைகளுக்கு ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் என்று தெரியும். நாங்கள் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. ரிங் ரோட்டுக்குச் சின்ன கார் போதும் என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, சாலையின் இடப்பக்கமே ஓட்டிப் பழகியவன் நான், அங்கே வலப்பக்கம். ஆட்டோமேட்டிக் எடுத்தால் பாதிக் கவலை தீரும். ஆனால் இரண்டு லேன் ரவுண்டானாவில் உள்லேனில் இருப்பவர் வெளியேற வெளிலேன்காரர் வழிவிட வேண்டுமாம். இரு பக்க வண்டிகளுக்கும் ஒரே லேன் உள்ள பாலங்கள் வேறு. பழகும்வரை எப்படிச் சமாளித்தீர்கள்?

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் கணக்கில் தகராறு வராமல் இருக்க வீடியோ எடுத்து வைத்தால் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.