50 அங்குல பிளாஸ்மா டிவியைச் சுவரில் மாட்டலாமா?

கேள்வி: உறவினர் ஒருவர் தமது 50 அங்குல பானாசோனிக் பிளாஸ்மா தொலைக்காட்சியை எங்களுக்குத் தந்திருக்கிறார். கூடத்தின் செங்கல் சுவரில் மாட்டலாமா? எங்கள் வீட்டில் நாள் முழுவதும் செய்தி அலைவரிசைதான் ஓடும்.

பதில்: தாராளமாக மாட்டலாம். ஆனால் பேனல் கண்ணாடி என்பதால் கனம் அதிகம். ஆகவே பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். தூக்கும்போது இருவர் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும்.

பதில்: சுவரைவிடச் செய்தி அலைவரிசைதான் எனக்குக் கவலை தருகிறது. மூலையில் அசையாமல் நிற்கும் சின்னம் மணிக்கணக்கில் ஒளிர்ந்தால், அங்குள்ள பாஸ்பர் (திரையில் ஒளி தரும் பூச்சு) மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, பிறகு திரைப்படம் பார்க்கும்போதும் அது நிழலாகத் தெரியும். கான்ட்ராஸ்டைக் குறைத்து, மெனுவில் பிக்சல் ஆர்பிட்டர் (படத்தை அவ்வப்போது சற்றே நகர்த்தும் வசதி) இருந்தால் இயக்கி வையுங்கள்.

பதில்: பானாசோனிக் 2013-இலேயே பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திவிட்டதால், பேனல் பழுதானால் மாற்றுவது கடினம். சூடு வெளியேறப் பின்புறம் இடைவெளி விடுங்கள்.